மாறக் கூடாதவை: கோப்புக் கண்காணிப்பு எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது

2003 நவம்பர் 20 அன்று, டெபியன் லினக்ஸ் திட்டத்தின் 'மாஸ்டர்' என்ற சர்வரில் கெர்னல் பிழைச் செய்திகள் அடுத்தடுத்து வரத் தொடங்கின. ஓர் இயந்திரத்தில் மட்டும் வந்திருந்தால் மெமரி பழுது என்று விட்டிருப்பார்கள். 'மர்ஃபி' என்ற இன்னொரு சர்வரிலும் அதே பிழை தெரிந்ததும் நிர்வாகிகளுக்குச் சந்தேகம் தட்டியது. ஏறக்குறைய அதே நேரத்தில், எய்டு என்ற சிறிய நிரல் ஓர் எச்சரிக்கை அனுப்பியது. எஸ்பின் கோப்பகத்தில் இருக்கும் 'இனிட்' கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, அதன் நேர முத்திரைகளும் மாறியிருக்கின்றன என்றது அது. கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல் இனிட். நிர்வாகிகள் யாரும் அதைத் தொடவில்லை. விசாரித்ததில் கதை முழுவதும் வெளிவந்தது. முந்தைய நாள், டெவலப்பர் ஒருவரிடமிருந்து ஒட்டுக்கேட்டுத் திருடிய கடவுச்சொல்லோடு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். கெர்னலில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாக ரூட் அதிகாரம் பெற்று, 'சக்கிட்' என்ற ரூட்கிட்டை நிறுவி, நான்கு சர்வர்களைக் கைப்பற்றியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பயனர்கள் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் களஞ்சியம் தப்பியது. நுழைவுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே சென்றது ஏறத்தாழ ஒரு நாள்தான்.

இதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் 21 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் 'மாடர்னைசர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மாறியது. அதற்கு முன் அந்தக் கோப்பு கடைசியாக மாறியது 2012 டிசம்பரில். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அசையாமல் கிடந்த கோப்பின் அடியில் 22 வரிகள் முளைத்தன. பயணிகள் தட்டிய அட்டை எண்ணையும் பெயரையும் அந்த வரிகள் வேறொரு சர்வருக்கு அனுப்பின. செப்டம்பர் 5 வரை இது நடந்தது. வெளியாள் ஒருவர் சொல்லித்தான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் 2 கோடி பவுண்டு.

ஆறு ஆண்டு மாறாத கோப்பு ஒன்று மாறினால் அதைக் கவனிப்பதற்குப் பெரிய அறிவியல் எதுவும் தேவையில்லை. அந்த வேலைக்கான நுட்பம் 1990களிலிருந்தே இருக்கிறது. ஃபைல் இன்டெக்ரிட்டி மானிட்டரிங் என்றும், சுருக்கமாக எஃப்.ஐ.எம். என்றும் தொழிலில் சொல்கிறார்கள். இலவச நிரல்களும் உண்டு, விலையுள்ளவையும் உண்டு. ஆனால் அதை நிறுவிய இடங்களில் பாதிக்குப் பாதி அது எதையும் கண்டுபிடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் அனுபவம். காரணம் மென்பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், எது மாறலாம், எது மாறக் கூடாது, மாறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததில் இருக்கிறது.

இந்த நுட்பத்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம். ஜீன் கிம் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் யூஜீன் ஸ்பாஃபர்டும் சேர்ந்து ட்ரிப்வயர் என்ற நிரலை எழுதி 1992 நவம்பர் 2 அன்று வெளியிட்டார்கள். அந்தத் தேதியில் ஒரு நினைவு இருக்கிறது. 1988இல் அதே நாளில்தான் மாரிஸ் புழு இணையத்தை முடக்கியது. அந்தப் புழுவை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்தவர்களில் ஸ்பாஃபர்டும் ஒருவர். ட்ரிப்வயர் செய்த காரியம் எளியது. முக்கியமான கோப்புகளின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், நேரங்கள், உள்ளடக்கத்தின் ஹாஷ் மதிப்பு ஆகியவற்றை ஒரு மூலப்பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அவ்வப்போது கோப்புகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சொல்லும். 1999இல் ராமி லேட்டியும் பாப்லோ விரோலைனனும் கட்டற்ற மாற்றாக எய்டு நிரலை எழுதினார்கள். டெபியனில் எச்சரிக்கை அனுப்பியது அதுதான். பிறகு வந்த சம்ஹைன் மையச் சர்வரில் பதிவேட்டை வைத்துப் பல இயந்திரங்களைக் கவனித்தது. ஓசெக், அதிலிருந்து 2015இல் பிரிந்த வாஸூ ஆகியவை லாக் ஆய்வோடு கோப்புக் கண்காணிப்பையும் சேர்த்துக் கொண்டன. முப்பது ஆண்டுகளில் வேகமும் வசதியும் கூடின. ட்ரிப்வயரின் அடிப்படை யோசனை அப்படியேதான் இருக்கிறது.

ஹாஷைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. எம்.டி.5 உடைந்துவிட்டது என்று 2004இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள். ஷா-1க்கு 2017 பிப்ரவரியில் அதே கதி; ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஹாஷ் தரும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. இந்தத் தாக்குதல்களில் இரண்டு கோப்புகளையும் தாக்குபவரே தயாரிக்கிறார். உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கும் கோப்புக்கு அதே எம்.டி.5 தரும் போலியைத் தயாரிப்பது வேறு வேலை. அது இன்றும் நடைமுறையில் சாத்தியமில்லை. ஆனாலும் ஷா-256 பயன்படுத்துங்கள். பெரும்பாலான நேரம் செலவாவது கோப்பை வட்டிலிருந்து படிப்பதில்தான், ஹாஷ் கணக்கில் இல்லை. சிக்கனம் பார்த்துப் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமே கிடையாது. மாற்றம் நடந்த நேரத்தை மட்டும் நம்பிக் கோப்புகளைச் சோதிக்கும் அமைப்புகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பின் 'மாற்றிய நேரத்தை' டச் கட்டளையால் யாரும் விருப்பப்படி பின்தேதியிடலாம். ஐனோடு மாறிய நேரத்தைப் பொய்யாக்குவது அவ்வளவு எளிதல்ல. ஆகவே இரண்டையும் ஹாஷோடு சேர்த்தே பதிய வேண்டும்.

இனி, எதைக் கவனிப்பது? புதிதாக வரும் அட்மின்கள் பெரும்பாலும் வட்டு முழுவதையும் கவனிக்கச் சொல்லி அமைக்கிறார்கள். பாதுகாப்பு என்றால் எதையும் விடக் கூடாது என்ற எண்ணம். மறுநாள் காலையில் பல்லாயிரம் வரி அறிக்கை வருகிறது. லாக் கோப்புகள் வளர்ந்திருக்கும், கேஷ் மாறியிருக்கும், மெயில் வரிசை நகர்ந்திருக்கும், தற்காலிகக் கோப்புகள் பிறந்து இறந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் யாரும் அந்த மெயிலைத் திறப்பதில்லை. டெபியனில் இனிட் மாறிய செய்தி கண்ணில் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன்: அந்தச் செய்தி கூச்சலுக்கு நடுவில் வரவில்லை.

கோப்புகளை அவற்றின் இயல்பை வைத்துப் பிரிப்பதே சரியான தொடக்கம். முதல் வகை, மென்பொருள் அப்டேட் வழியாக அன்றி ஒருபோதும் மாறக் கூடாதவை: பூட் கோப்பகம், நிரல்கள் இருக்கும் பின், எஸ்பின் கோப்பகங்கள், நூலகங்கள், உள்நுழைவைச் சரிபார்க்கும் பேம் மாட்யூல்கள். இவற்றுக்கு எல்லாப் பண்புகளையும் பதியுங்கள். அடுத்தது, மனிதர் ஒருவர் தெரிந்தே மாற்றினால் மட்டும் மாறுபவை: எட்சி கோப்பகத்தின் பயனர் பட்டியல், சூடோ விதிகள், எஸ்.எஸ்.எச். அமைப்பு, ஒவ்வொரு பயனரின் அங்கீகரிக்கப்பட்ட சாவிக் கோப்பு, க்ரான் பட்டியல்கள், சிஸ்டம்டி சேவைக் கோப்புகள். தாக்குபவர்கள் உள்ளே நிலைத்திருக்க இந்த இடங்களைத்தான் நாடுகிறார்கள். ஒரு க்ரான் வரி, ஒரு புதிய சாவி போதும், மறுபடி எப்போது வேண்டுமானாலும் வரலாம். எல்லா நிரல்களுக்கும் முன்னதாக ஒரு நூலகத்தை ஏற்றச் சொல்லும் ப்ரீலோட் கோப்பு பெரும்பாலான சர்வர்களில் இருப்பதே இல்லை. ஆகவே அது புதிதாகத் தோன்றுவதே பெரிய எச்சரிக்கை. வளர மட்டுமே வேண்டிய லாக் கோப்புகளுக்கு, அளவு குறைந்தால் மட்டும் சொல்லும்படி எய்டில் ஒரு பண்பு உண்டு. லாக் சுழற்சியின்போது அது ஒருமுறை கத்தும் என்பதை முன்பே எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலக்குகளை எழுதுவதில்தான் அதிகம் தவறுகிறது. எய்டு அமைப்புக் கோப்பில் ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரி ஒரு பாதையை விலக்குகிறது. அந்தப் பாதை முழுப் பெயராக அல்ல, தொடக்கத்தில் பொருந்தும் வடிவமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மெயில்லாக் என்று விலக்கினால், மெயில்லாக் என்று தொடங்கும் வேறு எந்தப் பெயரும் சேர்ந்தே விலகும். தாக்குபவர் தன் கருவியை மெயில்லாக்-பழையது என்பது போன்ற பெயரில் வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாமலே போகும். வரியின் இறுதியில் டாலர் குறி வைத்து முடித்தால் இது தீரும். ஒரே ஒரு குறி. அமைப்புகளைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இணையதளங்களில் இந்த விலக்குச் சிக்கல் இன்னும் கடுமை. பயனர்கள் படம் ஏற்றும் கோப்பகம் தினமும் மாறும் என்பதால் அதை முழுவதுமாக விலக்கிவிடுகிறார்கள். வெப்ஷெல் எனப்படும் பின்வாசல் கோப்புகள் வந்து உட்காருவது அங்கேதான். படங்களை விலக்குங்கள், சரி. ஆனால் அந்தக் கோப்பகத்தில் ஒரு பி.எச்.பி. கோப்பு தோன்றினால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். படம் வைக்கும் இடத்தில் நிரலுக்கு வேலையில்லை. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் உலகமெங்கும் தாக்கப்பட்டபோது, தாக்குபவர்கள் வெப் கோப்பகங்களில் புதிய ஏ.எஸ்.பி.எக்ஸ். கோப்புகளை வைத்துவிட்டுச் சென்றார்கள். தாக்குதல் தொடங்கியபோது அந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளிவந்திருக்கவில்லை. அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் அந்தக் கோப்பகத்தில் ஒரு புதிய கோப்பு பிறந்ததைக் கவனிக்க எந்த ஓட்டையைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோப்புக் கண்காணிப்பின் உண்மையான பலம் இதுதான். தாக்குதலின் பெயர் தெரியாமலேயே அதன் விளைவைப் பிடித்துவிடும்.

விண்டோஸ் பக்கம் இரண்டு சொற்கள் போதும். கோப்பு அணுகலைக் காட்டும் 4663 என்ற நிகழ்வு எண் பதிவாக வேண்டுமானால், தணிக்கைக் கொள்கையில் கோப்பு முறைமைப் பிரிவை இயக்க வேண்டும். அதோடு, கவனிக்க வேண்டிய கோப்பகத்திலும் தணிக்கை விதியை எழுத வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் எதுவுமே பதிவாகாது. கோப்புகளோடு ரெஜிஸ்ட்ரியின் தொடக்கச் சாவிகளையும் சேர்க்காமல் விடாதீர்கள்.

பதிவேட்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். கோயில் நகைகளைச் சரிபார்க்க வரும் அதிகாரியிடம், பெட்டகச் சாவியை வைத்திருப்பவரே நகைப் பதிவேட்டையும் வைத்திருக்கிறார் என்று சொன்னால் அந்தச் சரிபார்ப்புக்கு என்ன மதிப்பு? ரூட் அதிகாரம் பெற்ற தாக்குபவர், கோப்பையும் மாற்றி, அதே இயந்திரத்தில் கிடக்கும் பதிவேட்டையும் புதுப்பித்துவிட்டால், அடுத்த நாள் அறிக்கை 'எந்த மாற்றமும் இல்லை' என்று வரும். இதை உணர்ந்துதான் ட்ரிப்வயரை எழுதியவர்கள் பதிவேட்டை எழுத முடியாத ஊடகத்தில் வைக்கச் சொன்னார்கள். பிந்தைய ட்ரிப்வயர் இரண்டு சாவிகளைக் கொண்டுவந்தது. ஒன்று விதிகளையும் அமைப்பையும் காக்கும், மற்றது பதிவேட்டைக் காக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். எய்டைப் பயன்படுத்துபவர்கள் பதிவேட்டை வேறொரு இயந்திரத்துக்கு நகர்த்தி, அங்கிருந்து கொண்டுவந்து ஒப்பிடுவதே வழக்கம். எப்படிச் செய்தாலும், கண்காணிக்கப்படும் இயந்திரத்தின் ரூட்டால் பதிவேட்டை மாற்ற முடியக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் மற்ற எல்லா ஏற்பாடும் அலங்காரம்தான்.

பதிவேட்டை எப்போது எடுப்பது என்பதும் இதே அளவு முக்கியம். இயந்திரம் இணையத்தைப் பார்ப்பதற்கு முன், நிறுவி முடித்த உடனே எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இன்று எடுத்தால், உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவரும் 'சரியான நிலை'யில் ஒரு பகுதியாகிவிடுவார். அப்படித்தான் தொடங்க வேண்டிய கட்டாயம் என்றால், ஆர்.பி.எம். சரிபார்ப்போ டெப்சம்ஸ் கருவியோ கொண்டு நிறுவப்பட்ட கோப்புகளை வெளியீட்டாளரின் ஹாஷ்களோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழு நிம்மதி தராது, ஆனால் பெரிய மாற்றங்கள் வெளிப்பட்டுவிடும்.

இரண்டு பிரதிகளை ஒப்பிடுவது எவ்வளவு பலம் என்பதற்கு, டெபியன் சம்பவம் நடந்த அதே 2003 நவம்பரில் இன்னொரு சாட்சி இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்ற முறையில் பராமரிக்கப்பட்டது; அதன் நகல் சி.வி.எஸ். சர்வர் ஒன்றிலும் இருந்தது. அந்த நகலுக்குள் யாரோ நுழைந்து இரண்டு வரி சேர்த்தார்கள். ஒப்பிடுவதற்கான இரட்டைச் சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. மேலோட்டமாகப் படித்தால் எழுத்துப்பிழை என்று தோன்றும். உண்மையில் அது, குறிப்பிட்ட முறையில் அழைக்கும் எவருக்கும் ரூட் அதிகாரம் கொடுக்கும் கதவு. யாரும் நிரலைப் படித்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. நகலும் மூலமும் பொருந்துகின்றனவா என்று தானாக நடந்த சரிபார்ப்பு, ஒரு கோப்பு பொருந்தவில்லை என்றது. அவ்வளவுதான்.

எவ்வளவு அடிக்கடி சரிபார்ப்பது? நாளுக்கு ஒருமுறை க்ரான் வழியாக ஓடவிடுவது பழைய வழக்கம். வாஸூவின் இயல்பு அமைப்பில் 43,200 விநாடி, அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அட்டைப் பணப் பரிமாற்றத்தைக் கையாள்பவர்களுக்கான பி.சி.ஐ. விதிமுறை குறைந்தபட்சம் வாரம் ஒருமுறை என்கிறது. வாரம் ஒருமுறை என்பது ஆடிட்டருக்கான எண், தாக்குபவருக்கானது அல்ல. ஆனால் 'உடனுக்குடன்' என்ற விற்பனைச் சொல்லையும் அப்படியே நம்பக் கூடாது. லினக்ஸில் உடனடிக் கண்காணிப்பு பெரும்பாலும் ஐநோட்டிஃபை என்ற கெர்னல் வசதியைச் சார்ந்திருக்கிறது. 2005 முதல் இருக்கும் அந்த வசதி கோப்பகத்தின் உட்கோப்பகங்களைத் தானாகக் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு வைக்க வேண்டும். பழைய கெர்னல்களில் அதற்கான இயல்பு உச்சவரம்பு 8,192. அதைத் தாண்டினால் மீதிக் கோப்பகங்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கும். லாக்கின் ஒரு மூலையில் வரும் ஒரு வரியைத் தவிர வேறு அறிகுறி இராது. நிகழ்வுகள் வெள்ளமாக வந்தால் வரிசை நிரம்பிச் சில தவறும். மெமரி வரைபடம் வழியாகக் கோப்பில் எழுதினாலும் அது தெரியாது. நெட்வொர்க் கோப்பகத்தில் மறுமுனையில் நடந்த மாற்றமும் தெரியாது. எனவே உடனடிக் கண்காணிப்பை முக்கியமான சில கோப்பகங்களுக்கு மட்டும் வைத்து, முழு ஒப்பீட்டையும் தினமும் ஓட்டுவதே என் பரிந்துரை.

ஐநோட்டிஃபை சொல்லாத இன்னொன்று, யார் மாற்றியது என்பது. 'சூடோ விதி மாறியது' என்ற செய்திக்கும் 'இன்ன பயனர், இன்ன நிரலால், இன்ன நேரத்தில் சூடோ விதியை மாற்றினார்' என்ற செய்திக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதலாவது ஒரு விசாரணையைத் தொடங்கிவைக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடுகிறது. லினக்ஸின் ஆடிட் வசதி அல்லது வாஸூவின் 'ஹூ-டேட்டா' முறை இதைத் தருகிறது. கூடுதல் சுமை உண்டு. எட்சி போன்ற சிறிய, முக்கியமான இடங்களுக்கு அந்தச் சுமையை ஏற்கலாம்.

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது, மாற்றத்தை ஏற்பது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவு தானியங்கி அப்டேட் ஓடுகிறது. காலையில் நானூறு கோப்புகள் மாறியதாக அறிக்கை வருகிறது. அட்மின், 'அப்டேட்தான்' என்று சொல்லிப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தட்டுகிறார். அந்த நானூறில் ஒன்று அப்டேட்டோடு வராதது என்றால், அது அந்த நொடியில் சட்டபூர்வமாகிவிட்டது. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் கருவியே ஊடுருவலுக்கு முத்திரை குத்திவிடுகிறது. இந்தத் துறையில் எழுதப்படும் வழிகாட்டிகளில் பல நிறுவுவதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஒரு கண்காணிப்பின் மதிப்பு முழுவதும் தீர்மானமாவது இந்த இடத்தில்தான்.

இதற்கு வழி உண்டு. அப்டேட்டுக்குச் சற்று முன் ஒரு சரிபார்ப்பு ஓட வேண்டும். அது சுத்தமாக இருந்தால் மட்டுமே அப்டேட் தொடங்க வேண்டும். முடிந்ததும், மாறிய ஒவ்வொரு கோப்பும் புதிய பொதியின் ஹாஷோடு பொருந்துகிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். பொருந்துபவை தானாக ஏற்கப்படட்டும். பொருந்தாத மீதியை மட்டும் மனிதர் பார்க்கட்டும். நானூறு மூன்றாகும், மூன்றை யாராலும் படிக்க முடியும். கைமாற்றங்களுக்கு டிக்கெட் எண் கட்டாயமாகட்டும். டிக்கெட் இல்லாமல் எட்சியில் ஒரு கோப்பு மாறினால், மாற்றியவர் நம் ஆளாகவே இருந்தாலும் அவரிடம் கேள்வி கேட்கப்பட வேண்டும். பதிவேட்டைப் புதுப்பிப்பவரும் மாற்றத்தைச் செய்தவரும் ஒரே ஆளாக இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. இரண்டே அட்மின்கள் உள்ள சிறிய அலுவலகத்தில்கூட இது முடியும்.

எச்சரிக்கை போய்ச் சேரும் இடமும் யோசித்து வைக்க வேண்டியது. பல லினக்ஸ் சர்வர்களில் இயல்பாக அறிக்கை அதே இயந்திரத்தின் ரூட் அஞ்சல்பெட்டிக்குப் போகிறது. அதை யாரும் திறப்பதில்லை. சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தாலும் போதாது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறத்தாழ 4 கோடி அட்டை விவரங்கள் திருடுபோனபோது, தீம்பொருளைக் கண்டுபிடிக்கும் கருவி எச்சரித்திருந்தது. அதைப் பெங்களூரில் இருந்த குழு பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்றும், அங்கே நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் பின்னர் செய்திகள் வெளிவந்தன. கருவி வேறு, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். எச்சரிக்கை வந்ததும் அழைக்க வேண்டியவரின் பெயரும், அவர் செய்ய வேண்டிய முதல் காரியமும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கண்காணிப்பு நிரலே நின்றுபோனாலும் அது எச்சரிக்கையாக வர வேண்டும். அமைதி நல்ல செய்தியாகவும் இருக்கலாம், நிரல் செத்துப்போனதாகவும் இருக்கலாம். அந்த நிரலின் சொந்தக் கோப்புகளையும் அதை ஓட்டும் க்ரான் வரியையும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ப்பதை மறப்பவர்கள் அதிகம்.

இந்த நுட்பத்தால் முடியாதவையும் உண்டு. அவற்றை மறைத்து விற்பது நேர்மையல்ல. கெர்னலே தாக்குபவர் கையில் இருந்தால், கோப்பைப் படிக்கும் நிரலுக்குப் பழைய உள்ளடக்கத்தையே காட்டி ஏமாற்ற முடியும். 2010இல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்தது. சீமென்ஸ் கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு நூலகக் கோப்பை மாற்றி வைத்து, பொறியாளர்கள் கருவியின் நிரலைப் படித்துப் பார்த்தால் தான் புகுத்திய பகுதி தெரியாதபடி மறைத்தது. இத்தகைய சந்தேகம் இருந்தால் வெளியிலிருந்து பார்க்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு நகலை வேறொரு இயந்திரத்தில் பொருத்தி ஒப்பிடுவது இன்று எளிது. மெமரியில் மட்டும் வாழ்ந்து வட்டைத் தொடாத தீம்பொருளை இது பார்க்காது. தரவுத்தளத்துக்குள் மாறிய ஒரு வரியையும் பார்க்காது.

சரியான வழியில் வரும் தீங்கும் இதற்குப் பிடிபடாது. 2020இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் நச்சு நிரல் நிறுவனத்தின் கையெழுத்தோடு அப்டேட்டாகவே வந்தது. பொதி ஹாஷ் பொருந்தும். எந்தக் கருவியும் சந்தேகப்படாது. அந்த நிறுவனத்தின் பில்ட் சர்வரில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. சன்ஸ்பாட் என்று பெயரிடப்பட்ட நிரல், பில்ட் ஓடும்போது மட்டும் ஒரு மூலக்கோப்பை மாற்றி, முடிந்ததும் பழையதை மீண்டும் வைத்தது. மாற்றும் முன், அது தான் எதிர்பார்க்கும் கோப்புதானா என்று எம்.டி.5 கணக்கிட்டும் பார்த்தது. தினம் ஒருமுறை ஓடும் சரிபார்ப்பு இதைத் தவறவிட்டிருக்கும். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். நூலகத்தில் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டதும் கோப்புக் கண்காணிப்பால் அல்ல, எஸ்.எஸ்.எச். நுழைவு அரை விநாடி தாமதிப்பதைப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயண்ட் கவனித்ததால்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற திருட்டுகளில் நிரல் வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராகப் பயனரின் பிரௌசருக்கு வந்தால், நம் சர்வரில் ஒரு கோப்பும் மாறாது. அதனால்தான் பி.சி.ஐ. விதிமுறையின் நான்காம் பதிப்பு, பணம் கட்டும் பக்கம் பிரௌசரில் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சரிபார்க்கச் சொல்கிறது. 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயம்.

கன்டெய்னர்கள் வந்தபின் இதற்குத் தேவையே இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இமேஜ் மாறாதது, சந்தேகம் வந்தால் தூக்கி எறிந்து புதிதாக ஓட்டலாம் என்பது அவர்கள் பக்கம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. வட்டையே படிக்க மட்டும் என்று பூட்டுவது கண்காணிப்பைவிட மேலானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் டி.எம்.-வெரிட்டி வழியாக அதையே செய்கின்றன. ஆனால் இமேஜைக் கட்டும் சர்வர், சாவிகள் இருக்கும் சர்வர், அட்மினின் சொந்த இயந்திரம் ஆகியவை இன்னும் பழைய மாதிரிதான். கன்டெய்னருக்குள்ளும், இமேஜில் இல்லாத ஒரு நிரல் ஓடத் தொடங்கினால் அது எச்சரிக்கைக்குரியதே. ஃபால்கோ போன்ற கருவிகள் கவனிப்பது அதைத்தான். தேவை ஒழிந்துவிடவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது.

இந்தியாவில் சர்வர் நடத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. எந்தக் கோப்பு, எப்போது, யாரால் மாறியது என்ற பதிவு இல்லாமல் 6 மணி நேரத்தில் உருப்படியான அறிக்கை எழுத முடியாது.

ஆடிட்டர் வரும் வாரத்தில் மட்டும் கண்காணிப்பை ஓடவிட்டு அறிக்கை அச்சிடும் அலுவலகங்கள் உண்டு. அதற்குச் செலவிடும் நேரத்தை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் சர்வர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கோப்புகளுக்கு மேல் போகாத ஒரு பட்டியலோடு தொடங்குங்கள். பதிவேட்டை வேறு இயந்திரத்துக்கு மாற்றுங்கள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு கோப்பில் ஓர் எழுத்தை நீங்களே மாற்றிவிட்டு, எவ்வளவு நேரத்தில் யார் உங்களைக் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால், உங்களிடம் கண்காணிப்பு இன்னும் இல்லை.